‘ளயீஃப்’ என்றால் பொய்யா? இப்னு ஹஜர் அல்அஸ்கலானியிடமிருந்து ஒரு தொடக்கப் பாடம்

பேச்சில் ஒரு ஹதீஸ், அதாவது நபிமொழி, வருகிறது. யாரோ ஒருவர் “அது ளயீஃப்” என்கிறார். அத்தோடு பேச்சு நின்றுவிடுகிறது, கேட்டவர்கள் “அப்ப பொய்யா?” என்று எடுத்துக்கொள்கிறார்கள். இமாம் புகாரியின் ஹதீஸ் தொகுப்பைக் காட்டி “புகாரியிலயே இருக்கு” என்று சொன்னாலும் இதே கதைதான். புகாரியில் எந்த இடத்தில், எந்தத் தொடரோடு என்று கேட்பாரில்லை. வாட்ஸ்அப் செய்தியின் அடியில் ‘ஸஹீஹ்’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால் போதும், ஊர் முழுக்கப் போய்விடும்.

ஸஹீஹ், ஹஸன், ளயீஃப் எல்லாம் ஹதீஸின் தரத்தைச் சொல்ல அளவெடுத்து வைத்த கலைச்சொற்கள். அந்த அளவுகளைச் சிறிய நூல்களில் தெளிவாக வரையறுத்து, பெரிய நூல்களில் ஆயிரக்கணக்கான இடங்களில் பயன்படுத்தியும் காட்டியவர் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (ஹிஜ்ரி 773–852, கி.பி. 1372–1449). அவருடைய வாழ்க்கையையும் நூல்களையும் பிடித்துக்கொண்டு போனால் இந்தச் சொற்கள் தாமாகவே விளங்கிவிடும்.

முதலில், எந்த இப்னு ஹஜர்?

ஷாஃபிஈ மத்ஹபுக்காரர்களிடையே (மத்ஹப் என்றால் சட்டப் பிரிவு) ‘இப்னு ஹஜர்’ என்றால் இரண்டு பேர். காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை எங்கும் ஷாஃபிஈகள் இருப்பதால் இந்தக் குழப்பம் நம் பக்கத்திலும் உண்டு. சட்ட நூலான ‘துஹ்ஃபத்துல் முஹ்தாஜ்’ எழுதியவர் இப்னு ஹஜர் அல்ஹைதமி. எகிப்தில் பிறந்து மக்காவில் குடியேறி ஹி. 974இல் இறந்தவர். ‘ஃபத்ஹுல் பாரி’, ‘புலூகுல் மராம்’ எழுதியவர் அல்அஸ்கலானி. அவருக்கு நூறாண்டுக்கு மேல் முந்தியவர். துஹ்ஃபா என்றால் ஹைதமி, ஃபத்ஹு என்றால் அஸ்கலானி.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. அஸ்கலானியின் ஆசிரியர்களில் ஒருவர் நூருத்தீன் அல்ஹைஸமி, ‘மஜ்மஉஸ் ஸவாயித்’ தொகுத்தவர். அரபியில் இவர் பெயரில் ‘ஸா’, மற்றவர் பெயரில் ‘தா’. தமிழில் சிலர் இரண்டையும் ‘ஹைதமி’ என்றே எழுதிவிடுவதால் ஆசிரியரும், மாணவருக்குப் பின் நூறாண்டு கழித்து வந்தவரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள்.

அஸ்கலான் என்பது பாலஸ்தீனக் கடற்கரை நகரம். குடும்பத்தின் பூர்வீகம் அது. இவர் பிறந்து வளர்ந்தது எகிப்தில்தான். ‘ஹஜர்’ என்றால் கல். முன்னோர் ஒருவரின் பட்டப்பெயர். இந்தக் ‘கல்’லை வைத்து ஒருவர் அவரைக் கவிதையில் குத்தியது பின்னால் வரும்.

தாய்ப்பத்திரம் பார்க்கிற மாதிரி

நிலம் வாங்கப் போகிறோம். விற்பவர் “இது என் இடம்” என்று சொன்னதும் முன்பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுவதில்லை. தாய்ப்பத்திரம் கேட்கிறோம். இவருக்கு விற்றவர் யார், அவருக்கு விற்றவர் யார் என்று பின்னோக்கிப் போகிறோம். இடையில் ஒரு பத்திரம் விடுபட்டிருக்கிறதா? கையெழுத்துப் போட்டவர் அந்தத் தேதியில் உயிரோடு இருந்தாரா? சர்வே எண்ணும் பரப்பளவும் எல்லாப் பத்திரத்திலும் ஒன்றாக வருகிறதா? அதே இடத்துக்கு வேறொருவரிடம் இதைவிட உறுதியான பத்திரம் இருக்கிறதா? எல்லாம் சரியாகத் தெரிந்தாலும், பழகிய வக்கீல் ஒருவர் தாளைத் திருப்பிப் பார்த்து, “முத்திரைத்தாள் வாங்கின தேதி பத்திரத் தேதிக்குப் பிந்தி இருக்கே” என்பார்.

ஹதீஸ் கலை ஏறக்குறைய இதுதான். ஹதீஸ் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சொல், செயல், அங்கீகாரம் பற்றிய செய்தி. அதில் இரண்டு பகுதி. “இன்னார் எனக்குச் சொன்னார், அவருக்கு இன்னார் சொன்னார்” என்று வரும் பெயர் வரிசை ‘ஸனத்’. தமிழில் அறிவிப்பாளர் தொடர். அந்த வரிசை முடிந்தபின் வரும் செய்தி ‘மத்ன்’. வரிசையில் உள்ள ஒவ்வொருவரும் ‘ராவி’, அதாவது அறிவிப்பாளர்.

மேலே கேட்ட கேள்விகளை ஐந்தாக்கினால் ‘ஸஹீஹ்’ கிடைத்துவிடும். இப்னு ஹஜர் தமது ‘நுக்பத்துல் ஃபிகர்’ என்ற நூலில் இதை ஒரே வாக்கியத்தில் அடக்கியிருக்கிறார். தொடர் அறுபடாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு ராவியும் மார்க்கத்திலும் நடத்தையிலும் நம்பகமானவராக இருக்க வேண்டும், இது ‘அதாலத்’. கேட்டதைக் கேட்டபடி வைத்திருக்கும் திறன் முழுமையாக இருக்க வேண்டும், இது ‘ளப்த்’. தம்மைவிட உறுதியானவர்களின் அறிவிப்புக்கு முரணாக இருக்கக் கூடாது. வெளியே தெரியாத உள்குறை இருக்கக் கூடாது. வக்கீல் கண்டுபிடித்த முத்திரைத்தாள் தேதி இந்த ஐந்தாவது வகை.

இந்த ஐந்தில் ளப்த் மட்டும் கொஞ்சம் குறைந்தால் ‘ஹஸன்’. ஹஸனுடைய தகுதியும் எட்டாவிட்டால் ‘ளயீஃப்’. பலரும் சறுக்குவது இங்கேதான். இடையில் ஒரு பத்திரம் காணவில்லை என்றால் நிலம் விற்பவருடையது இல்லை என்று தீர்ப்பாகிவிடாது. கையிலிருக்கும் காகிதத்தை வைத்து அவருடையது என்று நிரூபிக்க முடியவில்லை, அவ்வளவுதான். ளயீஃபும் அப்படியே. போலிப் பத்திரத்துக்கு இந்தக் கலையில் தனிப்பெயர் உண்டு: ‘மவ்ளூஃ’, இட்டுக்கட்டப்பட்டது. இரண்டையும் ஒன்றாக்குவது, பத்திரத்தைத் தொலைத்தவனையும் கள்ளக் கையெழுத்துப் போட்டவனையும் ஒரே அறையில் அடைப்பது போல.

உவமைக்கு ஓர் எல்லையும் உண்டு. பத்திரத்தில் எழுதியது எழுதியபடி கிடக்கும். ஹதீஸ் மனத்திலும் குறிப்பேட்டிலும் பயணித்தது. அதனால் ஆள் நாணயமானவரா என்பதோடு, நினைவாற்றல் எப்படி என்றும் பார்க்க வேண்டியிருந்தது. நாணயமான கணக்குப்பிள்ளைக்கும் கூட்டலில் கை தடுமாறலாம்.

*சுருக்கமாக:* தீர்ப்பு கொடுப்பது ஒரு தொடருக்கு. அதே செய்தி வேறொரு தொடரில் வந்தால் அதற்குத் தனித் தீர்ப்பு.

தாயும் தந்தையும் இல்லாத பையன்

இப்னு ஹஜர் ஹி. 773 ஷஃபானில் பிறந்தார். தாய் சிறு வயதிலேயே போய்விட்டார். தந்தை ஹி. 777இல் இறந்தபோது பையனுக்கு நான்கு வயது. மூன்று வயது மூத்த அக்காள் சித்துர் ரக்பை, “என் தாய்க்குப் பிறகு எனக்குத் தாய்” என்று பின்னாளில் எழுதினார். பொறுப்பேற்றவர் ஸகீயுத்தீன் அல்கர்ரூபி என்ற பெருவணிகர். அவரோடு மக்கா போன பையன், ஹி. 785இல் பன்னிரண்டு வயதில் அங்கே தராவீஹ் தொழுகை நடத்தினார்.

ஹதீஸில் அவரைச் செதுக்கியவர் ஸைனுத்தீன் அல்இராக்கி. ஹி. 796இலிருந்து 806இல் ஆசிரியர் இறக்கும்வரை பத்து வருடம் அவரிடம் இருந்தார். “உங்களுக்குப் பிறகு யார்?” என்று கேட்டபோது இராக்கி முதலில் சொன்ன பெயர் இப்னு ஹஜர், அதற்குப் பிறகே தம் சொந்த மகன் பெயரைச் சொன்னார்.

ஹி. 802இல் டமாஸ்கஸில் சுமார் நூறு நாள் இருந்தார். அந்த நூறு நாளில் ஏறக்குறைய ஆயிரம் ‘ஜுஸ்உ’, அதாவது சிறு ஹதீஸ் ஏடுகள், படித்து முடித்தார் என்று மாணவர் ஸகாவி எழுதுகிறார். தபரானியின் ‘அல்முஃஜமுஸ் ஸகீர்’ ஆயிரத்துக்கு மேல் ஹதீஸ் கொண்டது. அதை லுஹருக்கும் அஸருக்கும் இடையில் ஒரே அமர்வில் முடித்திருக்கிறார். இங்கே படிப்பது என்பது ஆசிரியர் முன் உட்கார்ந்து வாசித்து, அவர் கேட்டு, தவறினால் திருத்துவது. இப்படிப் படித்தால்தான் தாமும் அந்தத் தொடரில் ஒரு கண்ணி ஆகலாம். பத்திரத்தை நகலெடுப்பது வேறு, பதிவாளர் முன் பதிவது வேறு.

யமனுக்கு இரண்டு முறை போனார். அங்கே ‘அல்காமூஸ்’ அகராதி எழுதிய ஃபைரூஸாபாதியைச் சந்தித்தார். ஹி. 806 பயணத்தில் கப்பல் உடைந்து உடைமைகளும் புத்தகங்களும் கடலில் போயின.

மனைவி உன்ஸ் காத்தூனும் ஹதீஸ் படித்தவர், படித்துக் கொடுத்தவர். ஹதீஸ் தொடர்களில் பெண்கள் பெயர் வருவது அந்தக் காலத்தில் அதிசயமில்லை. இப்னு ஹஜரே டமாஸ்கஸில் பெண் ஆசிரியர்களிடம் படித்திருக்கிறார்.

ஹி. 827இல் எகிப்தின் ஷாஃபிஈ தலைமைக் காழி, அதாவது தலைமை நீதிபதி, ஆனார். சுல்தான்கள் நீக்குவதும் திரும்ப நியமிப்பதுமாக, மொத்தம் இருபது ஆண்டுக்கு மேல் அந்தப் பதவி. அதை ஏற்றுக்கொண்டதற்காக வருந்தியும் இருக்கிறார். சாட்சியை விசாரிப்பது நீதிமன்றத்தில் அவர் தொழில், புத்தகத்திலும் அதே தொழில். இரண்டும் ஒன்றுக்கொன்று உதவியிருக்கும் என்றே தோன்றுகிறது.

ஒரு வரியில் ஒரு மனிதர்: தக்ரீப்

ராவிகளைப் பற்றி முன்னோர் சொன்னதெல்லாம் பெரிய பெரிய நூல்களில் சிதறிக் கிடந்தன. ஒருவர் “உறுதியானவர்” என்பார், இன்னொருவர் “பரவாயில்லை” என்பார், மூன்றாமவர் “தவறுகிறார்” என்பார். இவற்றைத் திரட்டி ‘தஹ்தீபுத் தஹ்தீப்’ எழுதினார். ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃப் அச்சகம் இதைப் பன்னிரண்டு பாகங்களாக வெளியிட்டது. பிறகு அதையும் பிழிந்து, ஆளுக்கு ஓரிரு வரியில் தீர்ப்பு சொல்லும் ‘தக்ரீபுத் தஹ்தீப்’ எழுதினார். ஆறு பெரிய ஹதீஸ் நூல்களின் ராவிகள், 8,800க்கும் மேற்பட்ட பதிவுகள்.

ஒரு பதிவைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்: “முஹம்மத் இப்னு அம்ர் இப்னு அல்கமா இப்னு வக்காஸ் அல்லைஸீ, மதீனாக்காரர். ஸதூக், லஹு அவ்ஹாம். ஆறாவது தபகா. நாற்பத்தைந்தில் இறந்தார், சரியான கூற்றுப்படி. ஐன்.”

‘ஸதூக், லஹு அவ்ஹாம்’ என்றால் உண்மையாளர், ஆனால் சில தடுமாற்றங்கள் உண்டு. இது தீர்ப்பு. இப்னு ஹஜர் தீர்ப்புகளைப் பன்னிரண்டு படிகளாக வைத்தார். முதல் படி நபித்தோழர்கள். இரண்டும் மூன்றும் உறுதியானவர்கள் (‘ஸிக்கா’). நான்கு ஸதூக். ஐந்து, தடுமாற்றமுள்ள ஸதூக். நம் ஆள் இங்கே நிற்கிறார். ஆறு ‘மக்பூல்’. ஏழு, நிலை தெரியாதவர். எட்டு ளயீஃப். ஒன்பது, ஒரே ஒருவர் மட்டும் அவரிடமிருந்து அறிவித்திருப்பதால் ஆள் யாரென்றே தெரியாதவர். பத்து, கைவிடப்பட்டவர். பதினொன்று, பொய்க்குச் சந்தேகிக்கப்பட்டவர். பன்னிரண்டு, பொய்யர்.

‘தபகா’ என்பது தலைமுறை அடுக்கு, அதுவும் பன்னிரண்டு. ஆறாவது தபகா என்றால் நபித்தோழர் யாரையும் சந்தித்ததாக உறுதியாகாத தலைமுறை. கடைசியில் தனியாக நிற்கும் ‘ஐன்’ எழுத்து, ஆறு நூல்களிலும் இவருடைய அறிவிப்பு இருக்கிறது என்பதற்கான அடையாளம்.

புதிதாகத் திறப்பவர் வழக்கமாக இரண்டு இடத்தில் விழுவார். முதலாவது, ‘நாற்பத்தைந்தில் இறந்தார்’. ஹிஜ்ரி 45 என்று எடுத்துக்கொண்டால் கணக்கு தலைகீழாகிவிடும். இடத்தை மிச்சம்பிடிக்க இப்னு ஹஜர் நூற்றாண்டை எழுதுவதில்லை. முன்னுரையில் விதி சொல்லிவிட்டார்: முதல் இரண்டு தபகாக்கள் 100க்கு முன், மூன்றிலிருந்து எட்டுவரை 100க்குப் பின், ஒன்பதிலிருந்து கடைசிவரை 200க்குப் பின். அப்படியானால் இவர் இறந்தது 145. முன்னுரையைத் தாண்டிக் குதித்தவர்கள் நூறு வருடத்தைத் தொலைத்துவிடுவார்கள்.

இரண்டாவது, ‘மக்பூல்’. நேர்ப்பொருள் ‘ஏற்கப்பட்டவர்’. அதனால் நல்ல தீர்ப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். இப்னு ஹஜர் வைத்த பொருள் வேறு: அறிவித்தது கொஞ்சம், துணைக்கு இன்னொருவர் அதையே அறிவித்தால் ஏற்கலாம், தனியாக வந்தால் பலவீனம். வங்கியில் ‘ஜாமீன்தாரர் இருந்தால் கடன்’ என்று எழுதியதை ‘கடன் உறுதி’ என்று படித்துவிட்ட மாதிரி ஆகிவிடும்.

துணைத் தொடர் வந்து தூக்கிவிடுவது

இதே முஹம்மத் இப்னு அம்ர், அபூ ஸலமாவிடமிருந்தும், அவர் அபூ ஹுரைரா (ரலி) அவர்களிடமிருந்தும் அறிவிக்கும் செய்தி: “என் சமுதாயத்துக்குச் சிரமம் ஆகிவிடும் என்று இல்லையென்றால், ஒவ்வொரு தொழுகையின்போதும் மிஸ்வாக் (குச்சியால் பல் துலக்குதல்) செய்யச் சொல்லி ஏவியிருப்பேன்.” ஆள் உண்மையாளர், நினைவில் கொஞ்சம் குறை. எனவே இந்தத் தொடர் தனியாக நின்றால் ஹஸன்.

ஆனால் இதே செய்தியை அல்அஃரஜ் என்பவரும் அபூ ஹுரைராவிடமிருந்து அறிவித்திருக்கிறார். அது புகாரியிலேயே வருகிறது. முஹம்மத் இப்னு அம்ர் இங்கே தடுமாறியிருப்பாரோ என்ற சந்தேகம் போய்விட்டது. ஹஸன் ஒரு படி ஏறி ‘ஸஹீஹ் லிகைரிஹி’, அதாவது பிற தொடரின் துணையால் ஸஹீஹ் ஆகிறது. ஹதீஸ் கலையில் நெடுங்காலமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு இது.

எல்லாக் குறையும் இப்படி நிரம்பாது. நினைவுக் குறையை இன்னொரு தொடர் சரிக்கட்டும். பொய் சொன்னவர் இருக்கும் தொடரை அப்படிச் சரிக்கட்ட முடியாது. பத்துப் போலிப் பத்திரத்தை ஒன்றாகத் தைத்தாலும் ஓர் அசல் பத்திரம் ஆவதில்லை. “இந்த ஹதீஸ் பல வழியில் வந்திருக்கு, அதனால பலமாயிடுச்சு” என்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, அந்த வழிகளில் யார் யார் இருக்கிறார்கள் என்பதே.

எழுநூறா, நூறா?

“செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே.” புகாரியின் முதல் ஹதீஸ். இதை ‘முத்தவாதிர்’ என்று பலர் சொல்வதுண்டு. முத்தவாதிர் என்றால் ஒவ்வொரு தலைமுறையிலும், கூடிப் பொய் சொல்ல வழியில்லாத அளவு பெருந்தொகையினர் அறிவிப்பது.

தொடரைப் பாருங்கள். நபியிடமிருந்து உமர் (ரலி). உமரிடமிருந்து அல்கமா இப்னு வக்காஸ் அல்லைஸீ. நம் முஹம்மத் இப்னு அம்ரின் பாட்டனார்தான் இவர். அவரிடமிருந்து முஹம்மத் இப்னு இப்ராஹீம் அத்தைமீ. அவரிடமிருந்து யஹ்யா இப்னு ஸயீத் அல்அன்ஸாரி. இதுவரை ஸஹீஹான வழி ஒற்றை ஆளாகவே வருகிறது. யஹ்யாவுக்குப் பிறகு திடீரென்று கூட்டம். அவரிடமிருந்து ஏராளமானோர் அறிவிக்கிறார்கள். ஆற்றைக் கடக்கும் இடத்தில் ஒற்றை மரப்பாலம், கரையேறியபின் அகலச் சாலை. பாலம் எவ்வளவு அகலமோ, பாதையும் அவ்வளவுதான். ஆகவே முத்தவாதிர் இல்லை. இதன் பெயர் ‘கரீப்’, எங்கோ ஓர் அடுக்கில் ஒற்றை ஆளாய் வருவது. கரீப் என்றால் பலவீனம் என்றும் நினைத்துவிடக் கூடாது. பாலம் ஒற்றை மரமானாலும் மரம் உறுதியானது. புகாரி தம் நூலை இதை வைத்துத்தான் தொடங்கினார்.

யஹ்யாவிடமிருந்து எழுநூறு பேர் இதை அறிவித்ததாக ஒரு பேச்சு இருந்தது. இப்னு ஹஜர் அதை அப்படியே எடுத்து எழுதிவிட்டுப் போகவில்லை. ஹதீஸ் தேடத் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை பிரபல நூல்களிலும் சிதறிய ஏடுகளிலும் இதன் வழிகளைத் தேடினேன், நூறைக்கூட என்னால் நிரப்ப முடியவில்லை என்று ‘ஃபத்ஹுல் பாரி’யில் பதிந்திருக்கிறார். அவர் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டால் இந்த ஓர் இடத்தைக் காட்டினால் போதும்.

*சுருக்கமாக:* பல வழிகள் என்ற எண்ணிக்கையை மட்டும் பார்க்கக் கூடாது; மிகக் குறுகிய அடுக்கு எது, அங்கே நிற்பவர் யார் என்று பார்க்க வேண்டும்.

ஃபத்ஹுல் பாரி: இருபத்தைந்து வருட வேலை

புகாரியின் ‘ஸஹீஹ்’ கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டு நூல். இப்னு ஹஜர் அதைத் தொகுத்தவர் இல்லை, விரிவுரை எழுதியவர். முன்னுரையான ‘ஹத்யுஸ் ஸாரி’யே ஒரு தனிப் புத்தகம். விரிவுரையை ஹி. 817இல் தொடங்கினார். முதலில் வாயால் சொல்ல மாணவர்கள் எழுதினார்கள். பிறகு அவரே பகுதி பகுதியாக எழுத, மாணவர்கள் நகலெடுத்துக்கொண்டு, வாரத்தில் ஒரு நாள் கூடி மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினார்கள். நூல் முடியும்போது பல திருந்திய பிரதிகள் கையில் இருந்தன. ஹி. 833இல், நூல் முடியுமுன்பே, தைமூரின் மகன் ஷாருக் ஒரு பிரதி கேட்டு எகிப்து சுல்தானுக்குக் கடிதம் அனுப்பினார். ஹி. 842 ரஜபில் முடிந்தது. அடுத்த மாதம் கெய்ரோவுக்கு வெளியே விருந்து. செலவு சுமார் 500 தீனார்.

“புகாரியில் எத்தனை ஹதீஸ்?” என்ற கேள்விக்கு அவரே உட்கார்ந்து எண்ணினார். முழுத் தொடரோடு வருபவை, திரும்ப வருபவையும் சேர்த்து, 7,397. தொடர் முழுதாகத் தராத ‘முஅல்லக்’ 1,341. துணை அறிவிப்புகளாகச் சுட்டப்பட்டவை 344. மொத்தம் 9,082. திரும்ப வருவதைக் கழித்தால் முழுத்தொடர் ஹதீஸ்கள் 2,602.

முஅல்லக் என்பது தொகுப்பாளர் பக்கத்திலிருந்து ஒருவரோ பலரோ, சில வேளை தொடர் முழுவதுமோ விடப்பட்டது. பாடத் தலைப்புகளில் புகாரி இப்படிக் குறிப்பிடுவார். “புகாரியில் இருக்கு, அதனால் ஸஹீஹ்” என்ற பேச்சு ஓட்டையாவது இங்கேதான். இவற்றில் பெரும்பாலானவை அதே நூலில் வேறிடத்தில் முழுத் தொடரோடு வந்துவிடுகின்றன. வராதவை 160 என்கிறார் இப்னு ஹஜர். புகாரி “இன்னார் சொன்னார்” என்று உறுதியாகச் சொல்லியிருந்தால், பெயர் சொன்ன அந்த ஆள்வரை சரி. அவருக்கு மேலே உள்ளவர்களை நாம் பார்க்க வேண்டும். “சொல்லப்படுகிறது” என்று பட்டும்படாமல் சொல்லியிருந்தால் அந்த உத்தரவாதமும் இல்லை. விடுபட்ட தொடர்களைத் தேடிக் கோப்பதற்கென்றே ‘தக்லீகுத் தஃலீக்’ என்று ஒரு நூல் எழுதினார்.

அச்சு ஃபத்ஹுல் பாரியைப் படிப்பவருக்கு ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. மேலே அச்சடித்த ஹதீஸில் இல்லாத சொல்லுக்குக் கீழே விளக்கம் இருக்கும். புகாரியின் நூலுக்குச் சிறு வேறுபாடுகள் கொண்ட பல பிரதி மரபுகள் உண்டு. இப்னு ஹஜர் அடிப்படையாக வைத்தது அபூ தர் அல்ஹரவியின் மரபு. ஹதீஸ் வாசகம் முழுவதையும் அவர் விரிவுரையில் எழுதவுமில்லை. பின்னால் பதிப்பித்தவர்கள் வேறு மரபின் வாசகத்தை மேலே வைத்துவிட்டார்கள். பிழை விரிவுரையில் இல்லை.

காயல்பட்டினத்தில் ஆண்டுதோறும் ஒரு மாதம் நடக்கும் புகாரி ஷரீஃப் மஜ்லிஸில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த நூலின் பெயர் புதிதாக இருக்காது.

போட்டி இல்லாமலா? பத்ருத்தீன் அல்ஐனீ, ஹனஃபி காழி, அதே ஊரில் அதே புகாரிக்கு ‘உம்தத்துல் காரி’ என்ற விரிவுரை எழுதினார். இடையிடையே இப்னு ஹஜரை வெட்டினார். இப்னு ஹஜர் மறுப்பும் எழுதினார். அதைவிடச் சுவை, ஹி. 821இல் நடந்தது. கெய்ரோவின் ஸுவைலா வாசலில் சுல்தான் முஅய்யத் கட்டிய பள்ளிவாசலின் மினாரா சாய்ந்துவிட்டது. இப்னு ஹஜர் கவிதை பாடினார்: மினாரா சொல்கிறதாம், “என் உடம்புக்கு ‘ஐன்’ போல் கேடு எதுவுமில்லை.” ஐன் என்றால் கண்ணேறு, ஐனீ என்ற பெயரும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. மறுபக்கத்திலிருந்து பதில் வந்தது: கண்பட்டது என்பது தப்பு, இடிந்ததற்குக் காரணம் மட்டமான ‘ஹஜர்’, கல்.

ளயீஃபை வைத்து என்ன செய்வது?

சட்டம் எடுக்க ஸஹீஹோ ஹஸனோ வேண்டும். நன்மையான காரியங்களில் ஆர்வமூட்ட ளயீஃபைப் பயன்படுத்தலாமா என்பதில் அறிஞர்கள் வேறுபடுகிறார்கள். பயன்படுத்துவதற்கு இப்னு ஹஜர் மூன்று நிபந்தனை வைத்ததாக ஸகாவி பதிந்திருக்கிறார். பலவீனம் கடுமையாக இருக்கக் கூடாது. பொய்யர், பொய்க்குச் சந்தேகிக்கப்பட்டவர், படுமோசமாகத் தவறுபவர் தொடரில் இருந்தால் ஆகாது. ஏற்கெனவே நிலைபெற்ற பொது அடிப்படை ஒன்றின் கீழ் அந்தக் காரியம் வர வேண்டும். செய்யும்போது இது நபி (ஸல்) சொன்னதென்று உறுதியாக நம்பக் கூடாது. மூன்றாவது நிபந்தனையோடு போஸ்டர் அடிப்பது கஷ்டம். அதனால்தானோ என்னவோ அதை யாரும் சொல்வதில்லை.

ரஜப் மாதம் வந்தால் சுற்றும் செய்திகளுக்கென்றே அவர் ஒரு சிறு நூல் எழுதினார், ‘தப்யீனுல் அஜப்’. ரஜபின் தனிச்சிறப்புக்கோ, அதில் குறிப்பிட்ட நோன்புக்கோ, குறிப்பிட்ட இரவு வணக்கத்துக்கோ ஆதாரமாக நிற்கும் ஸஹீஹான ஹதீஸ் எதுவும் வரவில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, ளயீஃபை ஒரு பக்கம், மவ்ளூஃவை மறுபக்கம் எனப் பிரித்து வைக்கிறார். இரண்டையும் அவர் கலக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

படிக்கத் தொடங்குபவருக்கு ஏற்றது ‘புலூகுல் மராம்’. சட்ட ஹதீஸ்கள் சுமார் 1,500. தொடரை விட்டு, நபித்தோழர் பெயர், செய்தி, எந்த நூலில் இருக்கிறது, தரம் என்ன என்று தருகிறது. முதல் ஹதீஸே கடலைப் பற்றியது: அதன் தண்ணீர் தூய்மையாக்கும், அதில் செத்தது ஆகுமானது. ‘எழுவர்’ என்றால் அஹ்மத், புகாரி, முஸ்லிம், அபூ தாவூத், திர்மிதீ, நஸாயீ, இப்னு மாஜா. ‘நால்வர்’ என்றால் முதல் மூவரைக் கழித்தவர்கள். ‘மூவர்’ என்றால் அபூ தாவூத், திர்மிதீ, நஸாயீ. முதல் மூவர் என்று எடுத்துவிடுவது வழக்கமான தவறு. ‘முத்தஃபகுன் அலைஹி’ என்றால் புகாரியும் முஸ்லிமும்.

கொள்ளைநோய்க் காலத்தில்

ஹி. 819 கொள்ளைநோயில் ஆலியா, ஃபாத்திமா என்ற இரண்டு மகள்கள் இறந்தார்கள். அந்த ஆண்டு தொடங்கிய ‘பத்லுல் மாஊன்’ என்ற கொள்ளைநோய் நூலை அவர் முடித்தது ஹி. 833இல், மூத்த மகள் ஸைன் காத்தூனைக் கர்ப்பிணியாக அதே நோய் கொண்டுபோனது அந்த வருடம்தான். கெட்ட காற்றுதான் காரணம் என்ற மருத்துவர்களின் கருத்தை அவர் ஏற்கவில்லை. ஹதீஸில் வருகிறபடி ஜின்களின் குத்து என்றார். ஆனால் கண்முன் நடந்ததையும் எழுதினார். 833இல் கெய்ரோவில் நோய் தொடங்கியபோது நாளுக்கு நாற்பதுக்கும் கீழேதான் சாவு. மூன்று நாள் நோன்பு பிடித்து, எல்லாரும் ஊருக்கு வெளியே ஒன்றுகூடி துஆ கேட்டுத் திரும்பினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் ஒரு நாள் சாவு ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. இப்படித் திரண்டு கூடுவதற்கு அவர் ஆதரவாக இல்லை.

அந்த ஹதீஸில் ஒரு சொல் மக்கள் வாயில் வேறு மாதிரி வழங்கியது. தொடர்களில் “ஜின்களில் உங்கள் பகைவர்களின் குத்து” என்றிருக்க, மக்கள் “உங்கள் சகோதரர்களின் குத்து” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சில பெரிய நூல்களிலும் அப்படியே ஏறியிருந்தது. ‘சகோதரர்கள்’ என்ற சொல்லுக்கு அவர் தொடர் தேடினார். நீண்ட நாள் தேடியபிறகு ஃபத்ஹுல் பாரியில் எழுதினார்: பிரபல நூல்களிலும் இல்லை, சிதறிய ஏடுகளிலும் இல்லை, தொடரோடு வரும் எந்த வழியிலும் அந்தச் சொல்லை நான் பார்க்கவில்லை.